மெதுவாக ஓடத் தெரியுமா?

செம்பூர் டயமண்ட் கார்டனுக்குக் காலை ஐந்தேகால் மணிக்கு நடக்க வருகிறவர்களில் ஒரு மாமி உண்டு. அறுபதைத் தாண்டியவர். பருத்திப் புடவை, அதற்குக் கீழே வெள்ளை கான்வாஸ் ஷூ, கையில் சின்னதாக ஒரு டார்ச். 2017 டிசம்பரில் ஒரு நாள் அவர் என்னை முந்திக்கொண்டு போனார். அவர் நடந்துகொண்டிருந்தார். நான் ஓடிக்கொண்டிருந்தேன். பத்தடி போனதும் திரும்பிப் பார்த்து, "என்ன ஆச்சு, உடம்பு சரியில்லையா? கணபதி வரைக்கும் நன்னா ஓடிண்டிருந்தேளே!" என்றார், உண்மையான அக்கறையோடு.

கணபதி வரைக்கும் நன்றாக ஓடியதுதான் கோளாறு என்று அவருக்கு எப்படிச் சொல்வது?

அந்த வருட ஆரம்பத்தில் எனக்கு 49 வயது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்றார் டாக்டர். என் அப்பாவுக்கும் இரண்டு சித்தப்பாக்களுக்கும் அது கோட்டைத் தாண்டி என்ன செய்தது என்று பார்த்தவன் நான். மறுநாளே ஷூ வாங்கினேன். தினமும் 7 கிலோமீட்டர், 45 நிமிடத்தில். அதாவது கிலோமீட்டருக்கு சுமார் 6 நிமிடம் 25 விநாடி. திங்கள் முதல் சனி வரை, ஒரு நாள்கூட இதில் மாற்றமில்லை. வீட்டுக்கு வரும்போது பனியன் பிழிகிற அளவுக்கு நனைந்திருக்கும், பேச்சு வராது. நல்ல உழைப்பு என்று எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொள்வேன்.

எட்டு மாதம் கழித்தும் 7 கிலோமீட்டர், 45 நிமிடம்தான். ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. குறையாதது மட்டுமல்ல, கணபதி விசர்ஜனத்துக்கு அடுத்த வாரம் இடது முழங்காலுக்குக் கீழே, முன் எலும்பில் ஒரு விரல் அகலத்துக்கு வலி. மாடிப்படி இறங்கினால் உயிர் போனது. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் எலும்பில் மயிரிழை விரிசல். விழவில்லை, அடிபடவில்லை, அடிமேல் அடி வைத்தே எலும்பு நகர்ந்துவிட்டது. ஆறு வாரம் ஓய்வு. எலும்பு டாக்டர், "இந்த வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று கேட்டார். அநேகமாக ஓட ஆரம்பிக்கிற எல்லாரையும் எல்லா டாக்டரும் கேட்கிற கேள்விதான்.

தோட்டத்தில் நாலைந்து பேருக்கு ஓட்டம் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஓய்வுபெற்ற சுபேதார் இருக்கிறார். சாத்தாரா பக்கத்துக்காரர். ஓய்வு முடிந்து, கால் ஆறி, அவரிடம் போய் நின்றேன். என் கதையைக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், நீங்கள் ஓடும்போது பேசுவீர்களா?"

"எப்படிப் பேச முடியும்? மூச்சு வாங்குமே."

"அப்படியானால் முதலில் பேசக் கற்றுக்கொள்ளுங்கள். பிறகு ஓடலாம்" என்றார்.

முதல் மாதம் பூராவும் அவர் கொடுத்த பயிற்சி இதுதான்: அவர் பக்கத்தில் ஓடிக்கொண்டே, ஏதாவது ஒரு தமிழ்ப் படத்தின் கதையை அவருக்கு இந்தியில் சொல்ல வேண்டும். என் இந்தியில் அதை உட்கார்ந்து சொன்னாலே மூச்சு வாங்கும். வாக்கியம் நடுவில் முறிந்தால் சுபேதார் கையை உயர்த்துவார். வேகத்தைக் குறைக்க வேண்டும். அப்படிக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் நான் வந்து நின்ற வேகம், கிலோமீட்டருக்கு 9 நிமிடத்துக்கும் மேல். மாமி என்னை முந்தியது அப்போதுதான்.

இந்த வாரம் எழுத உட்கார்ந்த விஷயம் இதுதான். ஓட்டத்தில் வேகம் என்பது ஒன்றல்ல, பல. ஒவ்வொன்றும் உடம்பில் ஒவ்வொரு வேலை செய்கிறது. எல்லா நாளும் ஒரே வேகத்தில் ஓடுகிறவனுக்கு அதில் ஒரு வேலையும் முழுசாக நடப்பதில்லை.

ஓடுகிறவர்கள் வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதில்லை. கிலோமீட்டருக்கு இத்தனை நிமிடம் என்கிறார்கள். எண் சின்னதாக ஆக வேகம் கூடுகிறது என்பது முதலில் கொஞ்சம் குழப்பும். கென்யாவின் கெல்வின் கிப்டம் 2023-ல் சிகாகோவில் 42.195 கிலோமீட்டரை 2 மணி 35 விநாடியில் ஓடினார். கிலோமீட்டருக்கு 2 நிமிடம் 51 விநாடி. நம் ராணுவ வீரர் ஷிவ்நாத் சிங் 1978-ல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடத்தில் மாரத்தான் ஓடி ஏற்படுத்திய தேசிய சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் நின்றது. அது கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 8 விநாடி. மும்பை மாரத்தானை ஐந்து மணி நேரத்தில் முடிக்கிற ஒரு வங்கி ஊழியரின் வேகம் 7 நிமிடம் 7 விநாடி.

இவை கடிகாரம் காட்டுகிற வேகங்கள். அந்த வேகத்துக்கு உடம்பு கொடுக்கிற விலை வேறு விஷயம். 6 நிமிடம் 25 விநாடி என்பது 25 வயதுக் கல்லூரி வீரனுக்கு உடம்பைச் சூடாக்கிக்கொள்கிற ஓட்டம். எனக்கு அது கிட்டத்தட்டப் போட்டி. ஒரே ஆளுக்கே ஜனவரியில் சுலபமாக இருக்கிற வேகம் மே மாதத்து மும்பைப் புழுக்கத்தில் திணற அடிக்கும். வேகம் கடிகாரத்தில் இருக்கிறது. சிரமம் உடம்பில் இருக்கிறது. பயிற்சி என்பது இரண்டாவதைக் கணக்கு வைத்துக்கொள்வது. பக்கத்தில் ஓடுகிறவனின் வேகத்தைக் காப்பியடிப்பதில் பிரயோசனமில்லை என்பதற்குக் காரணமும் இதுதான்.

அமெரிக்கப் பயிற்சியாளர் ஜாக் டேனியல்ஸ் 1998-ல் எழுதிய புத்தகம் ஒன்று ஓட்டக்காரர்கள் மத்தியில் பிரசித்தம். (விஸ்கியின் பெயர்தான். ஆனால் இவர் உடற்பயிற்சி விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் வாங்கியவர்.) ஓட்டத்தை அவர் ஐந்தாகப் பிரித்தார். கியர் என்று நினைத்துக்கொள்ளலாம்.

முதல் கியர், சாவகாச ஓட்டம். முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இதயம் தன் உச்சத் துடிப்பில் 65-லிருந்து 78 சதவீதம் வரை அடிக்கும். ஓடி முடித்தால் இன்னும் கொஞ்சம் ஓடலாமே என்று தோன்றும். இது சோம்பேறி ஓட்டம் அல்ல. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தின் அளவு பெரும்பாலானவர்களுக்கு இந்த வேகத்திலேயே உச்சத்தை நெருங்கிவிடுகிறது. தசைகளுக்குள் நுண் ரத்தக் குழாய்கள் கூடுகின்றன. சக்தியைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகின்றன. கொழுப்பை எரிக்க உடம்பு பழகுகிறது. இதெல்லாம் நேரம் பிடிக்கிற வேலைகள், அவசரப்படுத்த முடியாது. மெதுவாக ஓடினால்தான் அந்த நேரத்தைக் கொடுக்க முடியும்.

இரண்டாவது, மாரத்தான் வேகம். பேசலாம், ஆனால் பேசப் பிடிக்காது. நீண்ட போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கு மட்டும் இது தேவை.

மூன்றாவது, வாசல் வேகம். ஒரு மணி நேரப் போட்டி வைத்தால் கடைசிவரை தாக்குப்பிடிக்கக்கூடிய வேகம். மூன்று நான்கு வார்த்தைகளுக்கு மேல் பேச்சு வராது. எதற்கு வாசல்? தசைகள் வேலை செய்யும்போது லாக்டேட் என்ற பொருள் உண்டாகிறது. ஓய்வாக இருக்கையில் ஒரு லிட்டர் ரத்தத்தில் அது சுமார் 1 மில்லிமோல் இருக்கும். மெதுவாக ஓடும்போது உண்டாவதும் செலவாவதும் சரியாக இருக்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் செலவைவிட வரவு அதிகமாகிக் குவிய ஆரம்பிக்கும். அந்தக் கட்டம்தான் வாசல். அதைத் தாண்டினால் நேரம் எண்ணப்படுகிறது என்று பொருள். வாசலில் நின்று பழகினால் வாசலே தள்ளிப் போகும். ஆகவே சுமார் இருபது நிமிடம் இந்த வேகத்தில் ஓடச் சொல்கிறார்கள்.

இங்கே ஒரு பழைய தப்பையும் திருத்திவிடலாம். மறுநாள் கால் வலிப்பதற்கு லாக்டிக் அமிலம் தேங்கியதே காரணம் என்று பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் முதல் எல்லாரும் சொல்லியிருப்பார்கள். லாக்டேட் ஓடி முடித்த ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறது. அது விஷமும் அல்ல. இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாகவே எடுத்துக்கொள்கின்றன. மறுநாள் வலி, தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதத்தால் வருவது.

நான்காவது, இடைவெளி ஓட்டம். மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வரை பலமாக ஓடி, அதே அளவு நேரம் மெதுவாக ஓடி மூச்சு வாங்கிக்கொண்டு, மறுபடி ஓடுவது. உடம்பு ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய ஆக்ஸிஜனின் உச்ச அளவுக்குப் பக்கத்தில் போய் நின்று அந்தக் கூரையை உயர்த்தும் முயற்சி இது. பேச்சு ஒரு வார்த்தைதான்; அதுவும் நல்ல வார்த்தையாக இருக்காது.

ஐந்தாவது, துண்டு ஓட்டம். 200 மீட்டர், 400 மீட்டர் என்று வேகமாக ஓடிவிட்டு, மூச்சு முழுக்க அடங்கும்வரை ஓய்வு. இது நுரையீரலைவிடக் கால்களுக்கான பாடம். கால் எடுத்து வைக்கிற முறை சீராகும்.

இப்போது என் 45 நிமிட ஓட்டத்தை இதில் எங்கே வைப்பது? முதல் கியருக்கு அதிகம். மூன்றாவதுக்குக் கொஞ்சம் குறைவு. தினமும் களைத்தேன், ஆனால் கூரையையோ வாசலையோ தள்ளுகிற அளவுக்கு இல்லை. இளைப்பாறவும் இல்லை. இதில் எலும்பின் கணக்கு வேறு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடுகின்றன. எலும்பும் தசைநாணும் பலப்பட மாதங்கள் ஆகும். மூச்சு 'போ போ' என்கிறது, எலும்பு 'இரு இரு' என்கிறது. நான் மூச்சின் பேச்சைக் கேட்டேன்.

சங்கீதம் கற்றுக்கொண்டவர்களுக்கு இது சட்டென்று புரியும். சரளி வரிசையை முதல் காலத்தில் பாடிப் பழகிய பிறகுதான் இரண்டாம் காலம், மூன்றாம் காலம். எந்தப் பாட்டு வாத்தியாரும் குழந்தையை மூன்றாம் காலத்தில் ஆரம்பிக்க விடமாட்டார். எல்லாவற்றையும் இரண்டாம் காலத்திலேயே பாடிக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? நான் எட்டு மாதம் பாடியது அதுதான்.

மெதுவா, வேகமா என்ற சண்டை விஞ்ஞானத்திலும் நடந்திருக்கிறது. 1930-களில் ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும் ரைண்டல் என்ற இதய மருத்துவரும் இடைவெளி ஓட்டத்துக்கு இலக்கணம் வகுத்தார்கள். ஸ்வீடனில் ஹோல்மர், காட்டுப் பாதையில் மனம்போல வேகத்தை ஏற்றி இறக்கி ஓடும் 'பார்ட்லெக்' முறையைக் கொண்டுவந்தார். அந்த ஸ்வீடிஷ் சொல்லுக்கு 'வேக விளையாட்டு' என்று அர்த்தம். செக்கோஸ்லோவாகியாவின் எமில் ஜடோபெக் 400 மீட்டரை ஒரே நாளில் பல பத்துத் தடவைகள் ஓடிப் பழகினார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம். அந்த மாரத்தான் அவர் வாழ்க்கையில் ஓடிய முதல் மாரத்தான். உலகமே வேகப் பயிற்சிக்கு மாறியது.

மறுபக்கத்தில் நியூஜிலாந்தில் ஒரு ஷூ தொழிலாளி. ஆர்தர் லிடியார்ட். முதலில் மாதக்கணக்கில் வாரத்துக்கு 160 கிலோமீட்டர் வரை நெடுந்தூரம். வேகமெல்லாம் அதற்குப் பிறகு என்றார். 800 மீட்டர் ஓடுகிற ஆளுக்கும் இதே மருந்துதான். பலர் சிரித்தார்கள். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஒரே நாளில், ஒரே மாலையில், அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மர்ரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். சிரிப்பு நின்றது.

பின்னாளில் நார்வேயில் வேலை பார்க்கும் ஸ்டீபன் சீலர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், படகு, பனிச்சறுக்கு, ஓட்டம் என்று பல துறைகளின் முன்னணி வீரர்கள் நிஜத்தில் எப்படிப் பயிற்சி செய்கிறார்கள் என்று அவர்களுடைய பயிற்சிக் குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தார். ஐந்தில் நான்கு பங்கு பயிற்சி சாவகாசமாகவும், ஐந்தில் ஒரு பங்கு நிஜமாகவே கடினமாகவும் இருந்தது. நடுவாந்தரத்தில் அவர்கள் அதிகம் தங்குவதில்லை. நம்மைப் போன்றவர்கள் தங்குவதோ அங்கேதான்.

இதை வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் பயிற்சி செய்கிறவர்களின் விகிதம், மூன்று மணி நேரம் ஓடுகிறவருக்கு அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆனால் திசை சரி. சுலப நாள் சுலபமாக இருந்தால்தான் கடின நாளில் கடினமாக ஓட உடம்பில் ஏதாவது மிஞ்சியிருக்கும்.

சிரமத்தை எப்படி அளப்பது? கையில் கட்டுகிற கடிகாரமே இன்று நாடி பார்க்கிறது. இதற்கு முன்னோடி பின்லாந்து. 1957-லேயே கார்வோனன் என்ற பின்லாந்து விஞ்ஞானியும் அவர் சகாக்களும் ஒரு கணக்குச் சொன்னார்கள். இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. உதாரணமாக உங்களுக்கு 50 வயது. உச்சத் துடிப்பு 220-லிருந்து வயதைக் கழித்தால் 170. காலையில் எழுந்ததும் படுக்கையில் எண்ணினால் நாடி 66. இரண்டுக்கும் வித்தியாசம் 104. இதில் 60 சதவீதம் 62. அதோடு 66 கூட்டினால் 128. இதேபோல 70 சதவீதத்துக்கு 139. ஆக, 128-க்கும் 139-க்கும் நடுவே ஓடினால் சாவகாச ஓட்டம்.

ஆனால் அந்த 220 ஒரு சராசரி. ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மேலேயோ கீழேயோ இருப்பது சர்வ சாதாரணம். 50 வயதில் ஒருவருக்கு உச்சம் 158 இருக்கலாம், இன்னொருவருக்கு 182. வயதில் பத்தில் ஏழு பங்கை 208-லிருந்து கழிக்கும் 2001-ம் வருட சூத்திரம் ஒன்றும் உண்டு. வயதானவர்களுக்கு அது கொஞ்சம் தேவலை. ஆனால் அதுவும் சராசரிதான். இன்னொன்று முக்கியம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு நாடி வழக்கமான அளவுக்கு ஏறாது. அவர்கள் இந்தக் கணக்கை நம்பி வேகத்தைக் கூட்டினால் ஆபத்து.

ஸ்வீடனின் குன்னர் போர்க் வழி இன்னும் எளிது. 6-லிருந்து 20 வரை ஒரு அளவுகோல். 6 என்றால் சும்மா இருப்பது, 20 என்றால் இதற்கு மேல் முடியாது. உங்கள் சிரமத்துக்கு நீங்களே மார்க் போட வேண்டும். ஏன் 6-ல் ஆரம்பம் என்றால், ஆரோக்கியமான இளைஞருக்கு அந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய அவர் நாடித்துடிப்பு வரும். நம் சாவகாச ஓட்டம் 11, 12. வாசல் வேகம் 15-ஐ ஒட்டி. சுபேதாரின் பேச்சுப் பரிசோதனையும் இந்த ஜாதிதான். செலவில்லை, பாட்டரி தீராது, பொய் சொல்வது கஷ்டம்.

நம் ஊர்களுக்கு இந்த வழிதான் பொருத்தம். சென்னையிலும் மும்பையிலும் புழுக்கத்தில் வியர்வை ஆவியாகாது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகிறது. தசைக்கும் ரத்தம் கொடுக்க வேண்டியிருப்பதால் இதயம் கூடுதலாக அடிக்கிறது. அங்கே ஜனவரியின் வேகத்தை மே மாதத்தில் கேட்பது அநியாயம். சிரமத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்க வேண்டும். டில்லிக்காரர்களுக்கு வேறு கவலை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் காற்றை இழுக்கும் நுரையீரல், பலமாக ஓடும்போது நூறு லிட்டர் வரை இழுக்கும். புகைமூட்டமான நவம்பர் காலையில் இடைவெளி ஓட்டம் ஓடுவது என்ன காரியம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களில் வீட்டுக்குள் படி ஏறி இறங்கலாம்.

நெடுந்தூரம் ஓட ஆசைப்படுகிறவர்களுக்கு மேலும் ஒரு கணக்கு. ஒரு கிலோமீட்டர் ஓட, ஒரு கிலோ எடைக்கு ஏறக்குறைய ஒரு கலோரி செலவு. 70 கிலோ ஆள் மாரத்தான் ஓட சுமார் 2,950 கலோரி வேண்டும். தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைச் சரக்கு சுமார் 2,000 கலோரிக்குத்தான் வரும். மீதிக்குக் கொழுப்பு. வேகமாக ஓடினால் சர்க்கரை அதிகம் எரியும். மெதுவாக ஓடினால் கொழுப்பின் பங்கு கூடும். ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் பறந்தவர்கள் முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் சுவரில் மோதினாற்போல நிற்பது இதனால்தான். சரக்கு தீர்ந்துவிட்டது.

இதுவரை சொன்னது கால் விஷயம். இனி சொல்லப்போவது உயிர் விஷயம்.

எங்கள் குழுவில் 46 வயதுக்காரர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். பெரிய வேலை. விலை உயர்ந்த கடிகாரம். சாவகாச ஓட்டம் என்றால் அவருக்கு அவமானம். 2018 ஏப்ரலில் ஒரு காலை, இடைவெளி ஓட்டத்தின் நான்காவது சுற்றில் மார்பைத் தேய்த்துக்கொண்டு, "அசிடிட்டி" என்றார். ஐந்தாவது சுற்றுக்குக் கிளம்பினார். சுபேதார் குறுக்கே போய் நின்றார். "கடிகாரம் இன்னும் இரண்டு சுற்று பாக்கி என்கிறது" என்று இவர் வாதாட, சுபேதார் அவர் கையிலிருந்து கடிகாரத்தைக் கழற்றித் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனார். இதயக் குழாயில் இரண்டு அடைப்பு. ஒன்று தொண்ணூறு சதவீதம். ஐந்தாவது சுற்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் மனைவி கேட்டபோது டாக்டர் பதில் சொல்லவில்லையாம்.

ஓட்டம் அடைப்பை உண்டாக்கவில்லை. இருந்த அடைப்பைக் கடின ஓட்டம் காட்டிக்கொடுத்தது. வழக்கமாக ஓடுகிறவர்களுக்கு மொத்தத்தில் இதய நோய் குறைவு. ஆனால் ஓடுகிற அந்தச் சில நிமிடங்களில், அதுவும் பழக்கமில்லாத உடம்பைத் திடீரென்று விரட்டும்போது, ஆபத்து கூடுகிறது. நாற்பது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் உள்ளவர்கள், குடும்பத்தில் சின்ன வயதில் மாரடைப்பு கண்டவர்கள், மூன்றாவது கியருக்குப் போகுமுன் டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். மார்பில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல் இதில் எது வந்தாலும் நிற்க வேண்டும். அசிடிட்டி என்று நீங்களே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஆரம்பிக்கிறவருக்கு வாரத்துக்கு நான்கு நாள் போதும். முதல் மூன்று மாதம் நான்கு நாளும் பேசிக்கொண்டே ஓட்டம். பேச்சு நின்றால் நடை; வெட்கமில்லை. பிறகு மூன்று நாள் சாவகாசம், ஒரு நாள் மட்டும் பதினைந்து இருபது நிமிடம் வாசல் வேகம். சாவகாச நாள் ஒன்றின் முடிவில் இருபது விநாடி விறுவிறு ஓட்டம் நாலைந்து, நடுநடுவே தாராளமாக நடை. இடைவெளி ஓட்டம், துண்டு ஓட்டமெல்லாம் ஒரு வருடம் காத்திருக்கும், கோபித்துக்கொள்ளாது.

எனக்கு என்ன ஆயிற்று? 135 துடிப்பில் கிலோமீட்டருக்கு 9 நிமிடத்துக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்த ஆள், ஒரு வருடம் கழித்து அதே 135 துடிப்பில் 7 நிமிடம் 20 விநாடிக்கு வந்தேன். 2019 ஜனவரியில் மும்பை அரை மாரத்தான். விடியற்காலையில் கடல் பாலம், பிறகு ஹாஜி அலி, பெடர் ரோடு ஏற்றம். ஏற்றத்தில் என்னை இருபது பேர் முந்தினார்கள், பேசாமல் இருந்தேன். மெரின் டிரைவில் அவர்களில் பாதிப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். 21 கிலோமீட்டர், 2 மணி 15 நிமிடம். வீட்டுக்கு வந்து வகுத்துப் பார்த்தேன். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 24 விநாடி. எட்டு மாதம் 7 கிலோமீட்டருக்கு நாக்குத் தள்ளிய அதே வேகம். சர்க்கரை இன்னும் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கிறது. ஓட்டம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ராத்திரி சாதத்தை விட்டதும் ஒரு காரணம்.

பதக்கத்தை மறுநாள் தோட்டத்துக்கு எடுத்துப் போய் மாமியிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார். "அப்போ ஒடம்பு சரியாயிடுத்துன்னு சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டு, நிற்காமல் நடந்து போனார்.